எழுவாய் யார்? தேர்தல் நேரத்து ‘வெளியாள்’ பேச்சைப் புரிந்துகொள்ள

என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், ஓர் ஓட்டு வீட்டில் பிறந்து அதே வீட்டில் கண்ணை மூடினார். (ஆந்திராவிலும் ஒரு சித்தூர் உண்டு. இது பாலக்காட்டுச் சித்தூர்.) அவர் பிறந்தபோது அது கொச்சி ராஜ்யம். 1949 ஜூலையில் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் ஆனது. கயிற்றுக் கட்டிலை இடம் மாற்றாமலே மூன்று அரசுகளுக்குக் குடியாக இருந்தார். வீட்டிலும் காட்டிலும் பேசியது தமிழ். அவரைச் சந்தையில் ஒருவர் ‘பாண்டி’ (தமிழரை இழித்துச் சொல்லும் சொல்) என்று ஏசியதை என் அப்பா கடைசிவரை மறக்கவில்லை. அப்பாரு வந்தவர் அல்ல, இருந்தவர்.

தமிழ்வழிப் பள்ளியில் முப்பது வருடம் இலக்கணம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் வரும் ‘வெளியாள்’ பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அப்பாருவின் ஞாபகம் வருகிறது. முன்பு அந்தப் பேச்சு எங்களைப் பற்றி இருந்தது. இப்போது கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாப் பையன்களைப் பற்றி இருக்கிறது. சில சமயம் எங்கள் ஆட்களே அதைப் பேசுகிறார்கள். அதுதான் என்னை எழுத வைத்தது.

முதலில் சொற்கள்

நாடு விட்டு நாடு வந்து தங்குபவர் ஒரு வகை. நாட்டுக்குள்ளேயே மாநிலம் விட்டு மாநிலம் போய் வேலை செய்பவர் இன்னொரு வகை. சட்டம் இவர்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. நம் அரசியலமைப்பின் 19-வது பிரிவு, இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் நாட்டின் எந்த மூலைக்கும் போகவும் எங்கும் தங்கிக் குடியிருக்கவும் உரிமை தருகிறது. வெளிநாட்டவருக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் சட்டத்தின் முன் சமம் என்ற 14-வது பிரிவும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-வது பிரிவும் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த ஒரு நபரும்’ என்கின்றன. இந்த மண்ணில் நிற்கும் வெளிநாட்டவருக்கும் அவை உண்டு.

மேடைப் பேச்சு இந்த இரண்டு வகையையும் ஒன்றாகக் குழைத்துவிடும். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டே ‘ஊடுருவல்’ என்ற சொல்லை நடுவில் போடுவார்கள். கேட்பவருக்கு எல்லையில் கம்பி வேலியைத் தாண்டிக் குதிக்கும் உருவம் மனதில் வந்துவிடும். ‘வந்தேறி’ என்ற சொல்லும் அப்படித்தான். கேரள அரசு தன் ஆவணங்களில் ‘அதிதித் தொழிலாளி’, அதாவது விருந்தாளித் தொழிலாளி என்று எழுதுகிறது. நல்லெண்ணத்தில் வைத்த பேர்தான். இருந்தாலும் விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டியவர் என்றும் ஆகிறது. எனக்கு வெறும் ‘தொழிலாளி’ போதும்.

எழுவாயைத் தேடுங்கள்

எதிர்க்க வேண்டியது எது, எதிர்க்கக் கூடாதது எது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஒரு நாடு எத்தனை பேருக்கு விசா கொடுக்கலாம், ஒரு மாநிலம் தொழிலாளர்களை எப்படிப் பதிவு செய்யலாம், உள்ளூர் ஆட்களுக்கு வேலைப் பயிற்சி எப்படிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் கொள்கைக் கேள்விகள். குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம். அதைக் கேட்டுப் பதில் சொல்லலாம். அது வெறுப்புப் பேச்சு ஆகாது.

அப்படியானால் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி, வாக்கியத்தில் எழுவாயைத் தேடுவது.

‘காண்டிராக்டர் பதிவு செய்யாமல் ஆள் எடுக்கிறார்.’ எழுவாய் காண்டிராக்டர். எந்தக் காண்டிராக்டர், எப்போது, எத்தனை பேர் என்று கேட்கலாம். விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

‘அவனுங்க நம்ம வேலையைப் பிடுங்கறானுங்க.’ எழுவாய் அவனுங்க. யார்? பேர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. ஒரு கூட்டத்தையே நிறுத்தி வைத்துக் குற்றம் சுமத்துகிறது. பொய் என்று நிரூபிக்கவும் முடியாது, ஏனென்றால் சரிபார்ப்பதற்கு அதில் எதுவுமே இல்லை.

மூன்றாவது வகைதான் கைதேர்ந்த பேச்சாளர்களுடையது. ‘நம்ம பிள்ளைங்களுக்கு வேலை மறுக்கப்படுது.’ செயப்பாட்டு வினை. மறுத்தது யார் என்று வாக்கியம் சொல்லவே இல்லை. இரண்டு வாக்கியத்துக்கு முன்னால் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசியிருப்பார், அவ்வளவுதான். கோடிட்ட இடத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று கையை விரிக்கலாம்.

அப்புறம் உவமை. ஆட்கள் ‘வெள்ளம் மாதிரி’ வருகிறார்கள் என்றால் அணை கட்டத்தான் தோன்றும். ‘படையெடுப்பு’ என்றால் ஆயுதம் தேடத் தோன்றும். ‘கரையான்’ என்றால் மருந்து அடிக்கத் தோன்றும். உவமை ஒட்டிக்கொண்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். அதனால்தான் இதை வெறும் அலங்காரம் என்று விட முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளூர்க்காரர் திருடினால் செய்தியில் அவர் பேர் வரும். வெளியூர்க்காரர் திருடினால் அவருடைய மாநிலத்தின் பேர் வரும். முதல் திருட்டு ஒருவருடையது, இரண்டாவது லட்சம் பேர் தலையில் விழுகிறது.

ஏன் தேர்தலில்?

காரணம் எளிமையானது. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை.

ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் அவர் பேர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சீசனுக்கு வந்து போகும் தொழிலாளர்கள் பலருடைய பேர் சொந்தக் கிராமத்துப் பட்டியலிலேயே இருக்கும். ஓட்டுப் போட இரண்டு மூன்று நாள் ரயிலில் போய் வரக் கூலியும் கிடையாது, லீவும் கிடையாது. இவர்கள் தாங்கள் இருக்கும் ஊரிலிருந்தே ஓட்டுப் போட உதவும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ குடியுரிமை கிடைக்கும்வரை ஓட்டே இல்லை. ஆக, அவர்களை ஏசுவதால் வேட்பாளருக்கு ஓர் ஓட்டுக்கூட நஷ்டமில்லை. இப்படிச் செலவில்லாமல் கிடைக்கும் எதிரி வேறு யாரும் இல்லை.

இந்தப் பேச்சு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்குத் தமிழர்களுக்கு இலங்கையைவிட நெருக்கமான பாடம் கிடையாது. 1947 தேர்தலில் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. தோட்டத்து ஓட்டுகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குப் போயின. அடுத்த வருடமே, 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பாவோ தாத்தாவோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பிறந்தவர்களிடம் எந்தக் காலத்துப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டும் பறிபோனது. அதன் பிறகு அவர்களை ‘இந்தியாக்காரர்கள்’ என்று மேடையில் ஏச எந்தக் கட்சிக்கும் பயமில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரின் கதி பிறகு முடிவாகும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே தங்கியவர்களில் கடைசி ஆட்களுக்குக் குடியுரிமை தர 2003-ல்தான் சட்டம் வந்தது.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு வந்தார்கள். ஒரு பகுதியினர் செங்கோட்டைக்கு மேற்கே, புனலூர் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். பேர் மாறியதே தவிர, வெளியாள் என்பது மாறவில்லை.

சிலோன்தான் என்றில்லை. 1966-ல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். ஆபீஸ் வேலைகளையெல்லாம் அவர்களே பிடித்துக்கொண்டார்கள் என்பது புகார். அங்கே பாலக்காட்டு மலையாளியும் திருநெல்வேலித் தமிழரும் ஒரே ‘மதராசி’தான். கேரள-தமிழ்நாட்டு எல்லையான வாளையாறில் ஒருவர் மற்றவரை ‘பாண்டி’ என்று ஏசுவார். ரயிலேறி பம்பாய் போனால் இருவருக்கும் சேர்த்து ஒரே ஏச்சு விழும். வளைகுடாவில் இருவருமே ‘ஹிந்தி’, அதாவது இந்தியர். 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 22 லட்சம் மலையாளிகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். சவுதியில் உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் விதி 2013-ல் கடுமையானபோது எங்கள் பக்கத்து வீடுகளில் எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் போன் வருமா என்று உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளிலிருந்தே இங்கே ‘வெளியாள்’ என்ற பேச்சு வரும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வருகிறது.

குறை உண்மை, விலாசம் தப்பு

இந்தப் பேச்சை எதிர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதை நம்புகிறவரைக் கெட்டவர் என்று நினைத்து ஒதுங்கிவிடுவது. பெரும்பாலும் அவரிடம் ஓர் உண்மையான குறை இருக்கும். மேடையில் பேசியவர் அந்தக் குறையை ஒரு கவரில் போட்டுத் தப்பான விலாசத்தை எழுதிவிட்டார். நாம் கவரைக் கிழிக்க வேண்டாம், விலாசத்தைத் திருத்த வேண்டும்.

போன தேர்தலில் நடந்ததைச் சொல்கிறேன். பிரச்சார ஜீப் போனதும் பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மகளுக்குக் கல்யாணமாகி வாடகை வீடு தேடிக்கொண்டிருந்த நேரம்.

“டீச்சர், அவங்க சொல்றது சரிதானுங்க. இந்த வடக்கனுங்க வந்ததுக்கப்புறம் ஒரு லைன் வீடுகூடக் கட்டுபடியாகற வாடகைக்குக் கிடைக்கறதில்ல.”

“வாடகை ஏறுனது நெசந்தானுங்கண்ணா. அந்த லைன் வீட்டுக்கு வாடகை யாருங்க வாங்கறாங்க?”

“நம்ம ஊர்க்காரர்தான். தலைக்கு இவ்வளவுன்னு வாங்கறாரு. ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ்.”

“அப்ப ஏத்துனது அவருதானுங்களே?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: “அந்தப் பசங்க வரலேன்னா அவரால ஏத்த முடியுமுங்களா?”

நல்ல கேள்வி. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆள் கூடினால் வீட்டுக்குக் கிராக்கி கூடும் என்பது உண்மைதான். தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தும் அவர்கள் தங்க இடம் கட்டாமல் விட்டது யார் என்பது அடுத்த கேள்வி. கஞ்சிக்கோட்டில் 2019-ல் கேரள அரசு ‘அப்னா கர்’ என்ற பேரில் தொழிலாளர் விடுதி ஒன்றைத் திறந்தது. அப்படிப்பட்ட விடுதிகள் இன்னும் நாலு இருந்தால் எட்டுப் பேரை ஒரு ரூமில் அடைத்துச் சம்பாதிக்க முடியாது, அண்ணன் மகளுக்கும் வீடு கிடைக்கும். இரண்டு தரப்புக்கும் தேவை ஒன்றுதான்.

கூலியிலும் இதே கதைதான். எங்கள் வயல்களில் இப்போது நடவு நடுவது பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வரும் ஆண்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, விடியற்காலையில் இறங்கி, கயிறு பிடித்த மாதிரி நட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பெண்கள் வந்து நட்டார்கள். அப்போது அவர்களைப் பற்றியும் இதே புகார் இருந்தது. குறைந்த கூலிக்கு வெளியாள் வந்தால் உள்ளூர்க் கூலி அமுங்கும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறைந்த கூலி கொடுப்பது யார்? மாநிலம் விட்டு வந்த தொழிலாளிக்கும் அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை அது இருந்தது. அந்த விதியைச் சரியாக அமல்படுத்தியிருந்தால், ஒருவரைக் காட்டி இன்னொருவர் கூலியைக் குறைத்திருக்கவே முடியாது. ‘அவனை விரட்டு’ என்று சொல்லும் வேட்பாளர் ‘அவனுக்கும் ஒரே கூலி கொடு’ என்று சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் அவருக்கு உங்கள் கூலியைப் பற்றிக் கவலை இல்லை.

வேலை என்பது இத்தனை படிதான் என்று அளந்து வைத்த நெல்லும் அல்ல. வந்தவர் சாப்பிட வேண்டும், போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்க வேண்டும். அந்தக் கடைகளும் இங்கேதான் இருக்கின்றன.

எப்படிப் பதில் சொல்வது

பொய்யை மறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதையே தலைப்பாக வைத்துப் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். ‘வடமாநிலத்தவர் பிள்ளை பிடிக்கிறார்கள் என்பது பொய்’ என்று அனுப்பினால், பாதிப் பேர் மனதில் நிற்பது பிள்ளை பிடிப்பதுதான். முதலில் உண்மையைச் சொல்லுங்கள்: ‘இந்த வீடியோ வேறு ஊரில் வேறு சம்பவத்தில் எடுத்தது.’ அப்புறம் பொய்யை ஒரே ஒரு தடவை, சுருக்கமாக. மறுபடியும் உண்மை. மசாலா தோசை மாதிரி, பொய் நடுவில் மடிந்து இருக்கட்டும்.

வீடியோ என்றதும் 2023 மார்ச் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் பரவின. சம்பந்தமில்லாத பழைய காட்சிகளை ஒட்டிப் பரப்பியவை. பயந்துபோய்ப் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. தமிழ்நாடு காவல்துறை இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது. இந்தத் தடவை கொடூரர்களாகக் காட்டப்பட்டது தமிழர்கள். முகம் தெரியாத கூட்டத்தைப் பற்றி எதையும் நம்ப வைக்கலாம், அந்தக் கூட்டம் நாமாகவும் இருக்கலாம்.

அடுத்தது, யார் பதில் சொல்வது என்பது. எதிர்க்கட்சிக்காரர் மறுத்தால் ‘அவர் அப்படித்தான் சொல்வார்’ என்று போய்விடும். அதே கட்சிக்காரர் மறுத்தால் நின்று கேட்பார்கள். 1968 ஏப்ரல் 20 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈனாக் பவல் என்ற எம்பி, காமன்வெல்த் நாடுகளிலிருந்து குடியேறுபவர்களால் ரத்த ஆறு ஓடும் என்ற பொருளில் பேசினார். அவர் குறிவைத்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். அவருடைய கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத், மறுநாளே அவரைக் கட்சியின் முன்வரிசைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். பவலுக்கு ஆதரவாக ஊர்வலங்கள் நடந்தன, ஆனாலும் ஹீத் பின்வாங்கவில்லை.

2024 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், ஓஹையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் மற்றவர்களின் வளர்ப்பு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று டொனால்ட் டிரம்ப் சொன்னார். அங்கே குடியேறியிருந்த ஹைட்டி நாட்டவரைப் பற்றிய வதந்தி அது. நம்பத்தக்க எந்தத் தகவலும் இல்லை என்று நகர நிர்வாகம் மறுத்தது. ஆனாலும் அடுத்தடுத்த நாட்களில் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து பள்ளிக்கூடங்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்போது அந்த மாநிலத்தின் ஆளுநர் மைக் டிவைன், டிரம்ப்பின் கட்சியைச் சேர்ந்தவர், அவரை ஆதரித்தவர், பகிரங்கமாக மறுத்தார். அந்த ஊரில் வேலை செய்து பிழைக்கும் அந்த மக்களுக்காகப் பேசினார். உங்களுக்கு ஒரு கட்சி இருந்தால், உங்கள் கட்சி மேடையில் இந்தப் பேச்சு வரும்போது நீங்கள் எழுந்து நிற்பதற்கு இருக்கும் மதிப்பு வேறு யாருக்கும் இல்லை.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பதையும், இவற்றை வைத்துக் குடிமக்களுக்குள் பகை மூட்டுவதையும் ஊழல் நடைமுறை என்கிறது. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறு யாரோ செய்தது உயர் நீதிமன்றத்தில் நிரூபணமானால் ஜெயித்த தேர்தலே ரத்தாகும். வேட்பாளரின் மொழி, மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மொழி, மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் சேரும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்று தீர்ப்புச் சொன்னது. இந்தப் பட்டியலில் மொழி இருக்கிறது, பிறந்த ஊர் இல்லை. ஆனால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில் பிறந்த இடமும் வசிப்பிடமும் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பகை மூட்டினால் மூன்று வருடம் வரை சிறை. பிரச்சாரக் காலத்தில் நடத்தை விதி மீறலை தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் வீடியோவோடு அனுப்பலாம், 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்று மட்டும்: பேச்சை முழுதாகப் பதிவு செய்யுங்கள். அரை நிமிடத் துண்டு, நம் பக்கத்துத் துண்டானாலும், துண்டுதான்.

இதில் எதுவும் ஒரே நாளில் நடந்துவிடாது. அண்ணன் அன்றைக்குத் திண்ணையிலிருந்து எழுந்து போகும்போது முழுச் சம்மதத்தோடு போகவில்லை. “யோசிக்கறேனுங்க டீச்சர்” என்றார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

தேர்தல் முடிந்து வந்த கிராமசபையில் அவர் எழுந்து லைன் வீடுகளைப் பற்றிக் கேட்டார். எத்தனை ரூம், எத்தனை கக்கூஸ், ஒரு ரூமில் எத்தனை பேர் இருக்கலாம், இதையெல்லாம் யார் வந்து பார்க்கிறார்கள் என்று. கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார், அதில் அந்த வரிசையில் இருந்த ரூம்களை எண்ணி எழுதியிருந்தார். அவர் பேசியதில் ‘அவனுங்க’ ஒரு இடத்திலும் வரவில்லை. எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.